வாசலில் மாடு, உள்ளே பவுடர்

"மாட்டை மட்டும் கொண்டு வா தம்பி. பால் வேண்டாம்!"

டீக்கடைக்காரர் சொன்னதைக் கேட்டு மாட்டுக்காரர் திருதிருவென முழித்தார்.

"பால் வேண்டாம்னா மாடு எதுக்குண்ணே?"

"வாசல்ல கட்டத்தான். 'கறந்த பால் டீ'ன்னு போர்டு வைக்கிறேன். மாட்டுக்கு வாடகை தந்துடறேன்."

"உள்ளே?"

"பால் பவுடர்தான். வெளிநாட்டுப் பவுடருக்கு வரியை எடுத்ததிலேர்ந்து கொள்ளை மலிவு. உன் பாலை வாங்கினா என் கடைக்குப் பூட்டுதான்!"

பால் பண்ணையும் இதையே சொல்லித்தான் மாட்டுக்காரரிடம் பால் வாங்குவதை நிறுத்தியிருந்தது. வேறு வழி? மாட்டை ஓட்டி வந்தார்.

அப்பட்டமான மோசடி. ஆனால் வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது! மாடு அசை போட்டது, ஜனம் அதோடு செல்ஃபி எடுத்தது, டீ பறந்தது.

அதிலும் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர். மடக்குக்கு மடக்கு பாராட்டுவதால் அவருக்கு 'சபாஷ் சார்' என்றே பெயர்.

"சபாஷ்! இதுவல்லவா கறந்த பால்! பவுடரா இருந்தா என் நாக்கு காட்டிக் கொடுத்துடும். நம்ம விவசாயியை நாமதான்யா காப்பாத்தணும்!"

மாட்டுக்காரர் மாட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வயிறு குலுங்கச் சிரிப்பார்.

அவர் மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை. ஒருநாள் குடம் நிறையப் பாலோடு கடைக்குள் நுழைந்தாள்.

"அண்ணே, வாசல்ல எங்க மாட்டைக் காட்டி யாவாரம் பண்றீங்க. அதோட பாலை நான் சாக்கடையில ஊத்தறேன். வாடகை தீவனத்துக்கே பத்தல. மாட்டை விக்கப் போறோம். அப்புறம் என்ன, பொம்மை மாடு கட்டுவீங்களா?"

டீக்கடைக்காரருக்குச் சுருக்கென்றது. வெட்கமாகவும் இருந்தது.

"லாபம் குறைஞ்சா குறையட்டும் தங்கச்சி. நாளையிலேர்ந்து பவுடருக்குக் கும்பிடு! மொத்தப் பாலும் எனக்கே ஊத்து. ஜனத்துக்குப் பிடிச்சிட்டா உன் மாடு எங்கேயும் போகாது."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். மாட்டுக்காரர் மாட்டைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தார். மாடு அவர் மூக்கை நக்கியது.

மறுநாள் காலை. நிஜமான கறந்த பாலில் முதல் டீ. டீக்கடைக்காரரே நுரை பொங்க ஆற்றி, சபாஷ் சார் கையில் கொடுத்தார்.

புருஷன், பெண்டாட்டி, கடைக்காரர், மூன்று பேரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

ஒரு மடக்கு. சபாஷ் வரவில்லை.

இன்னொரு மடக்கு. மூஞ்சி அஷ்டகோணலானது. பெஞ்சில் இருந்த மற்றவர்களும் கிளாஸை முகர்ந்து பார்த்தார்கள்.

"என்னய்யா இது, ஏதோ வாடை அடிக்குதே!" என்றார் அவர்களில் ஒருவர்.

சபாஷ் சார் எழுந்து வந்தார். மாட்டை மேலும் கீழும் முறைத்தார். பிறகு கடைக்காரர் பக்கம் திரும்பினார்.

"மாட்டை மாத்திட்டியா? மரியாதையா அந்தப் பழைய மாட்டையே கொண்டு வந்து கட்டுய்யா!"