சர்க்கரை போடாத ஜக்

“வாயை ஊதுங்க” என்றாள் சின்னவள்.

ஏசி மெக்கானிக்கான அவள் புருஷன் ஊதினான். காலையில் குடித்த காபிதான் மணத்தது.

“இன்னொரு தடவை.”

“பலூன் இருந்தா குடு, அதை ஊதறேன். வந்திருக்கிற பசங்களுக்காவது ஆகும்.”

அவள் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலைமையா அது? ஹெட்மாஸ்டர் அப்பா ஓய்வு பெற்றதற்கு அவர் வீட்டிலேயே விருந்து. ஹால் நிறைய சொந்தக்காரர்கள். வெயில் மண்டையைப் பிளக்கிறது. “ஜூஸெல்லாம் இவர் பிரமாதமா போடுவாரு, அவர்கிட்ட விடுங்க” என்று வாயை விட்டவள் அவள்தான்.

“யாரு, பாட்டில் மாப்பிள்ளையா?” என்று அக்கா நமட்டுச் சிரிப்பு சிரித்தாள். “கலக்குறதுல அவருக்கு அனுபவம் ஜாஸ்திதான்!”

மனுஷன் குடியை விட்டு ஒரு வருஷம் ஆகப்போகிறது. பட்டப்பெயர் மட்டும் விட்டபாடில்லை. அப்பா இன்னும் மோசம். மேடை கிடைத்தால் போதும், மதுவிலக்கைப் பற்றிப் பொளந்து கட்டுவார். இவனை ‘அந்த ஆள்’ என்றுதான் சொல்வார். நேரில் பேச வேண்டி வந்தால் சுவரைப் பார்த்துப் பேசுவார்.

சின்னவளும் லேசுப்பட்டவள் இல்லை. “இன்னொரு தடவை தொட்டீங்க, பிள்ளையைத் தூக்கிக்கிட்டு எங்கப்பா வீட்டுக்குப் போயிடுவேன்” என்று முன்னமே சொல்லி வைத்திருந்தாள். சொன்னால் செய்வாள்.

அவன் தர்பூசணியை வெட்டி மிக்ஸியில் ஒரே ஒரு சுற்று விட்டான். கூட ஓட்டினால் விதையும் அரைபட்டுக் கசந்துவிடுமாம். வடிகட்டி, அன்னாசிச் சாறு சேர்த்து, எலுமிச்சை பிழிந்து, இஞ்சியை நசுக்கிப் போட்டு, புதினாவைக் கையாலேயே கசக்கிப் போட்டான். சிட்டிகை உப்பு, நிறைய ஐஸ். பெரிய பாத்திரத்தில் எல்லாருக்கும். அப்பாவுக்கு சுகர் என்பதால் நீல ஜக்கில் தனியாக, சர்க்கரை போடாமல்.

சின்னவளுக்கு மனசு குளிர்ந்தது. கிளாஸ்களை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனாள்.

திரும்பி வந்தால் சமையலறைக் கதவு சாத்தியிருக்கிறது!

“ஒரு நிமிஷம்!” என்று உள்ளேயிருந்து குரல். அப்புறம் கதவு திறந்தது. பாத்திரத்தையும் ஜக்கையும் தூக்கிக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமலேயே போனான்.

சிங்க் பக்கம் குப்பென்று ஒரு வாடை. அவள் மோந்து பார்க்காத வாடையா அது? குப்பைக் கூடையில் தர்பூசணித் தோலைப் புரட்டினாள். அடியில் ஒரு பாட்டில். காலி.

ஹாலுக்கு ஓடினாள். அதற்குள் அப்பா நீல ஜக்கில் பாதியைக் காலி செய்திருந்தார். பள்ளிக்கூடமே பார்த்து நடுங்கின மனுஷன், விருந்துக்கு வந்த கணக்கு வாத்தியாரின் கன்னத்தைக் கிள்ளிக்கொண்டிருந்தார்.

“மூத்த மாப்பிள்ளை, நீங்க ரொம்ப நல்லவருதான். ஆனா நீங்க வாயைத் திறந்தாலே எனக்குத் தூக்கம் வருது!” என்று சொல்லிவிட்டுக் கடகடவென்று சிரித்தார். அக்கா முகம் செத்துவிட்டது.

‘அட கடவுளே! சுகர்காரருக்கு ஊத்திக் குடுத்துட்டாரே இந்த மனுஷன்!’

புருஷனைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தி, அதை ஒட்டியே நின்றாள். பாட்டிலைக் காட்டினாள்.

“நான் குடிக்கல” என்றான்.

“அதான் எங்கப்பாவுக்குக் கலந்து குடுத்துட்டீங்களே! பட்டப்பேர் வெச்சதுக்குப் பழி வாங்கறீங்களா?”

“கலக்கவும் இல்ல. சிங்க்ல கொட்டிட்டேன்.”

“கொட்டறதுக்கா வாங்கிட்டு வந்தீங்க? யார் காதுல பூ சுத்தறீங்க?”

அவளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது.

“நானும் பிள்ளையும் இனிமே இங்கேயே இருந்துக்கறோம். நீங்க கிளம்புங்க.”

அந்த நேரம் பார்த்துக் கதவு படாரென்று திறந்தது. சின்னவள் கதவுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டாள். நீல ஜக்கும் கையுமாக, நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு தள்ளாடியபடி அப்பா நின்றார்.

“மாப்பிள்ளே!”

கல்யாணமான நாளிலிருந்து அந்த வாயில் வராத வார்த்தை.

“காலையில பேப்பர்ல சுத்திக் குடுத்தேனே, அது முழுசும் இதுலயே ஊத்திட்டியா? யப்பா, சும்மா கிர்ருன்னு ஏறுதுய்யா! உன் கைப்பக்குவமே தனி. இன்னொரு ஜக் போட்டு வை. யார்கிட்டயும் மூச்சு விடாதே. முக்கியமா என் பொண்ணுகிட்ட!”

ஜக்கை மேடையில் வைத்துவிட்டு, சுவரைத் தடவித் தடவிப் போனார்.

சின்னவள் ஜக்கில் மிச்சமிருந்ததை வாயில் ஊற்றினாள். இஞ்சி சுள்ளென்றது. அவ்வளவுதான். வேறு ஒன்றும் இல்லை.

“என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?”

“அவர் இதைத் தொடவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. திருப்பிக் குடுத்தா வேற எவனையாவது கலக்கச் சொல்வாரு. அப்புறம்…” அவன் தலையைச் சொறிந்தான். “அதைக் கையில வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் நிக்க எனக்கே பயமா இருந்துது.”

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஹாலில் அப்பா பிரசங்கத்தை ஆரம்பித்துவிட்டார். “குடிக்கிறவனை வீட்டு வாசப்படியிலயே சேர்க்கக் கூடாது! நான் அந்த ஆளைச் சொல்றேன்னு யாரும் நினைக்காதீங்க!”

பலத்த கைதட்டல்.

சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மிச்சமிருந்த தர்பூசணியை அடித்து, சர்க்கரை போடாமலே ஜக்கை நிரப்பினாள். நேராகப் போய் அப்பா கையில் கொடுத்து, காதோடு சொன்னாள்.

“நீங்க பேப்பர்ல சுத்திக் குடுத்ததை அப்படியே சிங்க்ல கொட்டிட்டாராம்ப்பா. இது வெறும் தர்பூசணிதான். பயப்படாம குடிங்க.”

ஹெட்மாஸ்டருக்கு ஏறியிருந்தது மொத்தமும் அந்த நொடியே இறங்கிவிட்டது.