கூவுற வண்டி

நம்ம தாமோதரனின் டாக்சி ஒரு வாரமாகக் கூவிக்கொண்டே இருந்தது. எதிரே ஈ காக்கை இருக்காது. ஆனாலும் எதையோ இடிக்கப் போவதுபோல 'பீப், பீப்' என்று அலறும். சவாரிக்கு ஏறியவர்கள் எண்ணூர் போவதற்குள் காதைப் பொத்திக்கொண்டு இறங்கினார்கள்.

"கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தாச்சுண்ணா. முன்னாடி சென்சார் நாலும் அவுட்டு. நாப்பதாயிரம் ஆவும்," என்றான் சர்வீஸ் சென்டர்க்காரன்.

"இன்னா நைனா, சட்டைப் பட்டன் சைசுல கீது! எங்கப்பா அந்தக் காசுல முழு வண்டியே வாங்குனாரு!"

"அந்த வண்டிக்குக் கண்ணு இல்லண்ணா. இதுக்குக் கீதே. வாரண்டியும் முடிஞ்சிச்சு."

வீட்டில் மனைவி நர்மதா மறுபேச்சில்லாமல் கழுத்துச் செயினைக் கழற்றித் தந்தாள். "வண்டி ஓடுனாத்தான்யா அடுப்பு எரியும். வித்துட்டு வா."

புது சென்சார் போட்ட வண்டி கப்சிப்பென்று திருவொற்றியூர் வந்து சேர்ந்தது. தாமோதரனுக்குப் போன உயிர் திரும்பியது.

வாசலில் காத்திருந்த நர்மதா கற்பூரம் சுற்றினாள். பிறகு சந்தனத்தைக் குழைத்து, பம்பரில் இருந்த நாலு சென்சாரிலும் அப்பி, மேலே குங்குமம் வைத்தாள்.

"போன வாரம் லாரி உரசப் பாத்துச்சே, அன்னிலேர்ந்து திருஷ்டிக்கு தெனம் வச்சிக்கினுதான் கீறேன். பொட்டு வக்கத் தோதா கம்பெனிக்காரனே வட்டம் போட்டுக் குடுத்துக்கீறான் பாரு!"

வண்டியை ஓரங்கட்ட தாமோதரன் ஸ்டார்ட் செய்தான்.

'பீப், பீப்!'

மஞ்சள் கயிறு மட்டும் மிஞ்சிய கழுத்தோடு நிற்பவளிடம், பாவம், எந்த வாயால் சொல்வான்?

"அய்யய்யோ, மறுபடியும் எவனோ கண்ணு வச்சிட்டான்யா!" என்று பதறிய நர்மதா, சந்தனத்தை இன்னும் கெட்டியாக அப்பினாள்.