கேட்டுப் பார்த்து எடுத்தவர்

அந்த ஸ்பீக்கர் கடையில் விற்பனையாளருக்குப் ‘பாம்புச்செவி’ என்று பெயர். வைத்தது வேறு யாருமில்லை, அவரேதான். பாடகி மூச்சு வாங்குவதும் வயலின்காரர் நாற்காலியில் நெளிவதும்கூடத் தன் காதுக்குத் தப்பாது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லி, அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

காது இருந்து என்ன? ஏழு மாதமாக ஆளுயர ஸ்பீக்கர் ஒரு ஜோடிகூட அவர் கையால் போணியாகவில்லை. கடை முதலாளி அவருடைய மனைவியின் அண்ணன். “மாப்ளே, இந்த மாசமும் இப்படியே போச்சுன்னா உங்களை குடோன்ல அட்டைப்பெட்டி அடுக்கத்தான் அனுப்பணும். தங்கச்சி முகத்துக்காகப் பாக்கறேன்” என்று அன்று காலையில்தான் சொல்லியிருந்தார்.

பதினொரு மணிக்கு அந்த வெள்ளைச் சட்டைக்காரர் வந்தார். வீட்டு ஹாலுக்கு ஸ்பீக்கர் வேண்டும், காதால் கேட்காமல் எடுக்கமாட்டேன் என்றார்.

பாம்புச்செவி அவரை உள்ளறைக்கு அழைத்துப்போய் சோபாவில் உட்காரவைத்தார். கதவைச் சாத்தினால் தெருச் சத்தம் எட்டாத அறை அது. அதற்கும் பக்கத்து நகைக்கடைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்.

வந்தவர் பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்தார். “மூணு ஜோடியிலயும் இதையே போடுங்க. அப்பத்தான் வித்தியாசம் தெரியும்.”

முதல் ஜோடி சின்னது. பாட்டு ஓடி முடிந்ததுமே நிறுத்தச் சொல்லிக் கைகாட்டினார் வந்தவர். அவர் கண்ணைத் திறக்காமல், “எப்படி இருக்கு?” என்று கேட்டார்.

“சும்மா தேன் மாதிரி இருக்கு சார்.”

“அவ்வளவுதானா?” என்று உதட்டைப் பிதுக்கினார். இரண்டாவது ஜோடிக்கும் அதே கதைதான்.

மூன்றாவது ஆளுயர ஜோடி. நகைக்கடைச் சுவரை ஒட்டியே நின்றது. “சார், இதுல கேட்டா ஆள் எதிர்ல நிக்கிற மாதிரியே இருக்கும். பெட்டியில இருந்து வருதா, நேர்ல வருதான்னு உங்களால சொல்லவே முடியாது” என்று மனப்பாடமாக ஒப்பித்துவிட்டுப் பாட்டைப் போட்டார் பாம்புச்செவி.

பாட்டு முடிந்தது. அறை அமைதியானது. அப்போது...

டொக். டொக். டொக்.

பாம்புச்செவியின் காது விடைத்தது. சந்தேகமே இல்லை, செங்கல்லில் உளி இறங்குகிற சத்தம். சுவருக்கு அந்தப் பக்கம்!

வெள்ளைச் சட்டைக்காரர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். “என்ன சார் சும்மா நிக்கறீங்க? திரும்பப் போடுங்க. இன்னும் சத்தமா!”

போட்டார். வந்தவர் செல்போனை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு, “இன்னும் கால் மணி நேரம். அதுக்குள்ள முடிச்சிரணும்” என்று கிசுகிசுத்தது, அத்தனை இரைச்சலிலும் பாம்புச்செவிக்குத் தெளிவாகவே கேட்டது.

தண்ணீர் கொண்டுவருவதாகச் சொல்லி வெளியே நழுவினார். முதலாளியிடம் ஓடினார்.

“மச்சான், இவன் ஸ்பீக்கர் வாங்க வந்தவன் இல்ல. இவன் இங்க பாட்டை அலறவிடறான், இவன் ஆளுங்க அங்க நகைக்கடைச் சுவரை உடைக்கிறாங்க!”

“உங்களுக்கு வியாபாரம்தான் வரலைன்னு நெனச்சேன், மாப்ளே. புத்தியும் போச்சா?”

“நீங்களே வந்து கேளுங்க.”

முதலாளி கதவை லேசாகத் திறந்து இடுக்கில் காதை வைத்தார். பாட்டு ஓய்ந்ததும் அதே டொக், டொக். அவர் முகம் வெளுத்தது. அடுத்த நொடி சிவந்தது. நாளைய பேப்பரில் தன் போட்டோ எந்தப் பக்கத்தில் வரும் என்ற யோசனை வந்துவிட்டது. “சத்தம் போடாதீங்க. ஷட்டரை இறக்கிப் பூட்டிடுவோம். பய உள்ளயே கிடக்கட்டும்!”

இருவரும் பூனைநடையாக வெளியே வந்து, ஷட்டரை இறக்கி, இரண்டு பூட்டுப் போட்டுவிட்டு, போலீசுக்குப் போன் செய்தபடியே நகைக்கடைக்குள் பாய்ந்தார்கள். பல் குத்திக்கொண்டிருந்த நகைக்கடைக்காரர் விஷயத்தைக் கேட்டதும் பெட்டகத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பத்து நிமிடத்தில் ஜீப் வந்தது. கண்ணாடி அலமாரியை நகர்த்தினார்கள், காலண்டரைக் கழற்றினார்கள். சுவரில் ஓர் ஊசித் துளைகூட இல்லை.

இன்ஸ்பெக்டர் சுவரில் காதை வைத்துப் பார்த்தார். “சத்தம் யாருக்குய்யா கேட்டுச்சு?”

“எனக்குத்தான் சார்” என்றார் பாம்புச்செவி.

“எனக்கும்தான்” என்றார் முதலாளி, கொஞ்சம் தாமதமாக.

திரும்பி வந்து ஷட்டரைத் தூக்கினார்கள். உள்ளறையில் யாரும் இல்லை. சரக்கு இறக்குகிற பின்கதவு ஆவென்று திறந்துகிடந்தது; வெளியே சந்தில் வேன் நின்று போன டயர்த் தடம். சின்ன ஜோடிகள் இரண்டும் வைத்த இடத்தில் இருந்தன. ஆளுயர ஜோடி நின்ற இடத்தில் இரண்டு தூசித் தடம்தான் மிச்சம்.

முதலாளி சோபாவில் தொப்பென்று உட்கார்ந்தார். “பின்கதவைப் பூட்டலையா மாப்ளே?”

“நீங்க ஷட்டரைத்தானே சொன்னீங்க மச்சான்...”

“மூணுல இதை மட்டும் ஏன் எடுத்தான்?” என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

“இதுல எல்லாமே நேர்ல கேக்கற மாதிரியே இருக்கும் சார்” என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டார் பாம்புச்செவி.

பென்டிரைவ் பிளேயரிலேயே செருகியிருந்தது. இன்ஸ்பெக்டர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பட்டனை அழுத்தினார். பாட்டு முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். முடிந்த பிறகும் கழற்றவில்லை. அப்புறம் ஹெட்போனைப் பாம்புச்செவியின் தலையில் மாட்டிவிட்டார்.

டொக். டொக். டொக்.