அம்மா ஜாடை

மாணவர் போராட்டத்தில் முன்வரிசையில் நின்றதற்காக, ஆறு வருஷமாகத் தேன்மொழியின் முகம் எந்தக் கேமராவிலும் விழக் கூடாது என்று அரசு தடை போட்டிருந்தது. எந்தக் கேமராவும் அவள் முகத்தை அடையாளம் கண்டு தானாகவே மறைத்துவிடும்; கல்யாண ஆல்பத்தில்கூட அவள் கழுத்துக்கு மேலே வெறும் சாம்பல் வட்டம்தான். மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் தடை நீங்கும் என்றார்கள். அவள் கொடுக்கவில்லை.

இன்று பள்ளிச் சேர்க்கைக்குப் படம் எடுத்தபோது, நான்கு வயது மகள் நறுமுகைக்கும் அதே சாம்பல் வட்டம் விழுந்தது.

"பாப்பா உங்கள அப்படியே உரிச்சு வச்சிருக்காளேம்மா, மெஷின் என்ன பண்ணும்?" என்றார் தடைநீக்க அலுவலகத்து அதிகாரி. "போட்டோ இல்லாம எந்த ஸ்கூல்லயும் சேர்க்க மாட்டாங்க."

தேன்மொழி பல்லைக் கடித்துக்கொண்டு மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்திட்டாள். அவர் இன்னொரு தாளை நீட்டினார்.

"அது உங்க முகத்துக்கு. இது பாப்பா முகத்துக்கு. பாப்பாவும் மன்னிப்புக் கேட்கணும். கைநாட்டு போதும்."

"நாலு வயசுப் புள்ள என்ன சார் கலவரம் பண்ணினா?"

"எல்லாருக்கும் ஒரே ரூல்தாம்மா."

அவர் மைப்பெட்டியைத் திறந்ததும், குழந்தை ஆசையாக விரலை நீட்டியது. கல்யாணமான நாளிலிருந்து "விட்டுக்கொடுத்துப் போயிடேன் தேனு" என்று கெஞ்சிக்கொண்டிருந்த கணவன் இளவழகன், மகளை வாரித் தூக்கிக்கொண்டான்.

"தேனு, நீ கையெழுத்துப் போட்டியே, அதையும் கிழிச்சுப் போடு."

அவன் சொல்லி முடிப்பதற்குள் அவள் கிழித்திருந்தாள்.