இன்னும் ஒன்பது மணி நேரம்

விமானம் கிளம்பி ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது. பக்கத்து இருக்கைப் பொன்னையா, மகளைப் பார்க்க முதன்முறையாகப் பறக்கிறவர், "இன்னும் எவ்ளோ தூரம் தம்பி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நானும் எதிரேயிருந்த திரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தேன். அப்போதுதான் அந்த நாற்றம் கிளம்பியது. முன்வரிசைப் பெண் குமட்டிக்கொண்டு எழுந்தாள். எல்லோர் பார்வையும் பொன்னையாவின் பழுப்பேறிய வேட்டியில் போய் நின்றது. நானும் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அவரையே பார்த்தேன். பணிப்பெண் அவர் பையைத் திறக்கச் சொன்னாள். மாத்திரைகள், திருநீற்றுப் பொட்டலம், இரண்டு பனியன், பேத்திக்கு ஒரு ஜோடிக் கொலுசு என எல்லாவற்றையும் எடுத்து மடிமேல் வைத்தார். ஒவ்வொன்றையும் அவள் நுனிவிரலால் தூக்கி முகர்ந்தாள். ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகும் வாசனை ஸ்பிரேயை அவர்மேல்தான் அடித்தாள். என் தலைக்கு மேலே, மூடிய தட்டில், என் பைக்குள் அக்கா கட்டிக்கொடுத்த கருவாடு இருந்தது. "நாலு கவர் போட்டிருக்கேன்டா, வாடையே வராது" என்று சொல்லித்தான் அனுப்பினாள். கைக்குட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பொன்னையா இருமி முடித்துவிட்டு என் பக்கம் சாய்ந்தார். "நெத்திலி தம்பி. யாரு கொண்டாந்தாங்களோ பாவம், வெளிய சொல்ல முடியாமத் தவிப்பாங்க. சரி, இன்னும் எவ்ளோ தூரம்?" திரையைப் பார்த்தேன். ஏழாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர், ஒன்பது மணி நேரம். அவ்வளவு நேரமும் நான் அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்க வேண்டும்.