பெட்ரா வாசல்வரை

“பத்து வரியமா பெட்ரா, பெட்ரா எண்டு எங்கட உயிரை எடுத்தனீங்கள் அண்ணை. கடைசியில மியூசியத்தை மட்டும் பாத்திட்டு வந்திருக்கிறியள்?”

காரை ஓட்டிக்கொண்டே கேட்டான் கிருஷ்ணராசா. லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் அவருக்குப் பக்கத்து வீட்டுக்காரன். ஹீத்ரோவில் ஏற்றியதிலிருந்து இதே கிண்டல்தான்.

“விசிட்டர் சென்டரும் பாத்தனாங்கள். நல்ல ஏசி,” என்றார் இராசரத்தினம்.

சொல்லும்போதே அவருக்கு வெட்கமாக இருந்தது. ஜோர்தான் பாலைவனத்தில் மலையைக் குடைந்து எழுப்பிய நகரம். அதைப் பார்க்காமல் கண்ணை மூடமாட்டேன் என்று சொல்லித் திரிந்தவர் அவர். டிக்கெட் எடுத்து, மியூசியத்தில் பானை சட்டியெல்லாம் பார்த்துவிட்டு, நகரத்துக்குள் இறங்க வேண்டிய நேரத்தில் முழங்கால் வலி என்று வாங்குப் பலகையில் உட்கார்ந்துவிட்டார். ‘வண்டியிலாவது போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், நான் இங்கேயே இருக்கிறேன்’ என்று மனைவி நகுலேஸ்வரி கெஞ்சியும் அசையவில்லை.

அவள் இப்போது பின்சீட்டில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள்.

“அக்கா நித்திரையோ?”

“ஓம். சரியான களைப்பு.” இராசரத்தினம் குரலைத் தாழ்த்தினார். “எனக்கு முழங்காலில ஒண்டுமில்லை, கிருஷ்ணா. மியூசியத்துக்குள்ள நிக்கேக்க ஊரில இருந்து போன் கோல் வந்தது. இவவின்ர அண்ணை மோசம் போயிட்டார்.”

கிருஷ்ணராசா வேகத்தைக் குறைத்தான். “அக்காவுக்குச் சொல்லேல்லையோ?”

“தெரியாத ஊரில எப்பிடிச் சொல்லுறது? கட்டிப்பிடிச்சு அழ ஒரு சனமில்லை. செத்தவீட்டுக்கும் நேரத்துக்குப் போய்ச்சேர ஏலாது. வீட்டை வந்து சொல்லுவம் எண்டு விட்டிட்டன்.”

“அப்ப ஊரைப் பாத்திட்டே வந்திருக்கலாமே?”

“உள்ளுக்க கோயிலெல்லாம் இருக்கு. சாவுத் துடக்கோட கோயிலுக்க கூட்டிக்கொண்டு போனதெண்டு பிறகு தெரிஞ்சா, அவ தாங்கமாட்டா.”

“அது ஆரோ பழைய சனத்தின்ர கோயில், அண்ணை. சாமிகூட இல்லை.”

“அவவுக்குக் கோயிலெண்டாக் கோயில்தான். அவவைத் தனிய இருத்திப்போட்டு நான் போய்ப் பாக்கவும் மனம் வரேல்லை.”

இரண்டு நாட்களாக ஒன்றும் நடக்காததுபோல் முகத்தை வைத்திருந்து அவர் ஓய்ந்துபோயிருந்தார். இன்னும் பத்து நிமிடத்தில் வீடு வந்துவிடும். எந்தச் சொல்லில் தொடங்குவது என்று தெரியவில்லை.

கார் வாசலில் நின்றது. எழுப்புவதற்காகத் திரும்பினார். நகுலேஸ்வரி விழித்துத்தான் இருந்தாள். கன்னங்கள் நனைந்திருந்தன.

“நகுலா, உன்னட்டை ஒண்டு சொல்லவேணும்...”

“தெரியும். அண்டைக்கு விடியவே தங்கச்சி கோல் எடுத்துச் சொன்னவள்,” என்றாள் அவள். “நீங்கள் அந்த ஊரை ஒருக்கா ஆசைதீரப் பாக்கவேணும் எண்டுதான், ஹோட்டல் பாத்ரூமுக்குள்ளயே அழுது முடிச்சிட்டு உங்களோட வெளிக்கிட்டு வந்தனான்.”