வேகம் போதாத மாப்பிள்ளை

உடையார்பாளையத்துக்குச் சத்யாவைப் பெண் பார்க்க வந்த அருள்முருகனும் அவளைப் போலவே வெப்சைட் எழுதுகிறவன். பேச்சு அதிலேயே ஆரம்பித்தது.

"நீங்க எந்தக் கம்ப்யூட்டர் லாங்குவேஜ்ல எழுதுறீங்க?" என்றாள் சத்யா.

"பிஎச்பி. நீங்க?"

"நோட் ஜேஎஸ். ஆயிரம் பேர் ஒரே நேரத்துல உள்ள வந்தா ஒங்க பிஎச்பிக்கு மூச்சு வாங்குமே!"

"பழைய பிஎச்பிய வெச்சு அளந்திருப்பீங்க. புதுசுல ஓட்டிப் பாத்துட்டுப் பேசுங்க."

"அதுலயும் ஓட்டியாச்சு. நோட் வேகத்துல பாதிதான் வருது."

"டேட்டாபேஸ் மந்தமா இருந்தாலும் பிஎச்பியத்தான் திட்டுவீங்களா?"

குரல்கள் உயர்ந்தன. மாப்பிள்ளையின் அப்பா அரியமுத்து கேசரித் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"மொத நாளே இப்புடி முட்டிக்கிட்டா எப்புடிங்க? இது சரிப்படாது. கெளம்புறோம்."

அருள்முருகன் பதறி எழுந்தான். சத்யாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

அவள் அம்மா செல்வம்மாள் மட்டும் சிரித்தார்.

"உக்காருங்க சம்பந்தி. மொத நாளா? ரெண்டு வருசமா எம்பொண்ணு மாடியில நின்னு போன்ல போடுற சண்டைங்க இது! அந்தப் பக்கம் பேசுறது யாருன்னு விசாரிச்சுட்டுத்தானே ஒங்க வூட்டுக்குத் தரகரையே அனுப்புனேன்!"